மிச்சம் நாற்பத்தேழு சீட்டு

லாஸ் வேகஸ்
19.01.2025

அன்புள்ள ராஜி அக்காவுக்கு,

பத்திரமா வந்து சேர்ந்துட்டோம். கஜலட்சுமிக்குக் கால் வீக்கம் இறங்கிருச்சு. எனக்குத்தான் இன்னும் கண்டி நேரத்துக்கே தூக்கம் வருது. மகள் கிருஷாந்தியும் பேத்தியும் சுகம். பேத்திக்கு என் மூக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. பாவம் பிள்ளை.

நீங்க எப்படி இருக்கீங்க? நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? போன்ல கேட்டா "ம்"னு ஒரே எழுத்துல முடிச்சிடுறீங்க. அதுவும் உங்களுக்குப் பகல்னா இங்க இருட்டு. அதனாலதான் ஈமெயில்ல கடிதமாவே எழுதிக்குவோம்னு யோசிச்சேன். அத்தான் போய் ஏழு மாசமாச்சு. குண்டசாலை வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு நீங்க தனியா இருக்கிறது எங்க ரெண்டு பேருக்கும் மனசுல கிடந்து உறுத்துது.

கொழும்பு வீதிக் கடையைப் பார்ட்னர் பார்த்துக்கிறார். அங்க முப்பது வருஷம் சேலை வித்தவனுக்கு இங்க கிடைச்சிருக்கிற உத்தியோகம், தினம் காலையில சூப்பர் மார்க்கெட்டுக்கு நடந்து போய் பிள்ளைக்கு நாப்பி வாங்கிட்டு வர்றது. ஜூலையில விசா முடியும். அதுவரைக்கும் இந்த வேலை நிரந்தரம்.

பதில் போடுங்க. பெரிசாப் போடுங்க.

உங்க தம்பி,
காளிமுத்து


குண்டசாலை
02.02.2025

தம்பிக்கு,

சுகமா இருக்கேன். பிள்ளை படம் பார்த்தேன். உன் மூக்குதான்.

இங்க மழை. பக்கத்து வீட்டு ஹபீலா சாப்பாடு கொண்டுவந்து தர்றா. எழுதுறதுக்கு வேற ஒன்னும் இல்ல. கஜலட்சுமியை விசாரிச்சதாச் சொல்லு.

அக்கா


லாஸ் வேகஸ்
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டுல எல்லாருக்கும் தடிமன், எனக்கு மட்டும் இல்ல. உங்களுக்கு இருமல் ஏதும் இல்லையே? மழையில நனையாதீங்க.

ஒரு விஷயம் சொல்றேன், கஜலட்சுமிக்குச் சொல்லிடாதீங்க. இந்த ஊர்ல சூப்பர் மார்க்கெட் வாசல்லயே சூதாட்ட மெஷின் வச்சிருக்காங்க அக்கா! நம்ம ஊர்க் கடை வாசல்ல வாழைக்குலை தொங்குற மாதிரி. வீடியோ போக்கர்னு பேரு. எதிர்ல ஆளே கிடையாது. காசைப் போட்டா திரையில அஞ்சு சீட்டு விழும். வேண்டியதை வச்சிக்கலாம், வேண்டாததை ஒரே ஒரு தடவை மாத்தலாம். அதுக்கப்புறம் கையில இருக்கிறதைப் பார்த்துக் காசு குடுக்கும். ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ், இதுல ஒரு ஜோடி இருந்தா போட்ட காசு திரும்ப வரும். ரெண்டு ஜோடின்னா ரெண்டு மடங்கு. ஒரே மாதிரி மூணு வந்தா மூணு மடங்கு. அஞ்சுமே ஆட்டின், இல்ல அஞ்சுமே கிளாவர்னு ஒரே பூவா இருந்தா அஞ்சு மடங்கு. அப்படியே மேல மேல போகுது.

நேத்து எனக்கு வந்த கையைக் கேளுங்க. ஆட்டின்ல ஜாக்கி, ஒன்பது, ஆறு, மூணு. அதோட கிளாவர் ஜாக்கி. ரெண்டு ஜாக்கியும் ஜோடியா இருக்கு. பயந்தவன் அதை வச்சிக்கிட்டுப் போட்ட காசை வாங்கிட்டுப் போவான். நான் யாவாரி இல்லையா? கிளாவர் ஜாக்கியைத் தூக்கி எறிஞ்சிட்டு நாலு ஆட்டினையும் வச்சிக்கிட்டேன். வந்து விழுந்தது ஆட்டின் ராணி! அஞ்சு மடங்கு! பக்கத்து மெஷின்ல இருந்த கிழவர் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

உங்க தம்பிக்குத் தலையில சரக்கு இருக்குன்னு இப்பவாவது ஒத்துக்குவீங்களா?

காளிமுத்து


குண்டசாலை
10.02.2025

டேய் காளிமுத்து,

உடம்பு எப்படி இருக்குன்னு கேக்க மாட்டேன். புத்தி எப்படி இருக்குன்னுதான் கேக்கணும்.

பேத்திக்கு நாப்பி வாங்கப் போற இடத்துல சூதாட்டமா? போகட்டும். அதைக் கஜலட்சுமி பார்த்துக்குவா. நீ அந்த ஜாக்கியை எறிஞ்சிட்டு அதைப் புத்திசாலித்தனம்னு எழுதியிருக்கியே, அதைத்தான் என்னால பொறுக்க முடியல. இருபத்தேழு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவளோட தம்பி எழுதுற எழுத்தா இது?

கேளு. கட்டுல ஐம்பத்திரண்டு சீட்டு. அஞ்சு உன் கண்ணுக்கு முன்னால. மிச்சம் நாற்பத்தேழு. அதுல எது வேணும்னாலும் வரலாம். ஆட்டின் பதின்மூணுல நாலு உன்கிட்ட இருக்கு, உள்ள ஒன்பது இருக்கு. ஒவ்வொன்னுக்கும் அஞ்சு மடங்குன்னா நாற்பத்தஞ்சு. உள்ள இருக்கிற மத்த ரெண்டு ஜாக்கியில ஒன்னு வந்தா ஜோடி, போட்டது திரும்ப வரும். அதுக்கு ரெண்டு. ஆக மொத்தம் நாற்பத்தேழு. அதை நாற்பத்தேழு சீட்டுக்கும் பகிர்ந்தா ஒன்னு. இதே கை உனக்குத் திரும்பத் திரும்ப வந்து, நீயும் இதையே செஞ்சா, ஒரு ரூபாவுக்குச் சராசரியா ஒரு ரூபாதான் கையில நிக்கும். இதுக்குப் பேருதான் எதிர்பார்க்கும் பெறுமானம்.

இப்ப ஜாக்கி ஜோடியை வச்சிக்கிட்டு மூணு சீட்டை மாத்தினா? ஒன்னும் நல்லது வரலன்னாலும் போட்ட ஒரு ரூபா உனக்கு நிச்சயம். அதுக்கு மேல இன்னொரு ஜோடி வரலாம், மூணாவது ஜாக்கி வரலாம், நாலாவதும் வரலாம். அந்த மூணு சீட்டு பதினாறாயிரத்துச் சொச்சம் விதமா வரும். எல்லாத்தையும் வகை பிரிச்சு எண்ணிட்டேன். சராசரி ஒன்றரைக்கு மேல. ஒன்றரையைத் தூக்கி எறிஞ்சிட்டு ஒன்னை எடுத்திருக்க. இதுக்கு ஒருத்தர் கை வேற குலுக்கினாராம்!

ஜெயிச்சியே, அப்புறம் என்னன்னு கேப்ப. ஜெயிச்ச. ஆனா தப்பான முடிவு. ரெண்டும் வேற வேற.

எண்ணி முடிக்கிறதுக்குள்ள பருப்பு அடிப்பிடிச்சிருச்சு. கஜலட்சுமிக்கும் பிள்ளைக்கும் தடிமன் குணமாச்சான்னு எழுது.

அக்கா


லாஸ் வேகஸ்
23.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தடிமன் எல்லாருக்கும் போயிருச்சு, கஜலட்சுமிக்கு மட்டும் முதுகு வலி. உங்க ஏச்சு வாங்கினதுல எனக்கும் உடம்புக்கு நல்லாயிருக்கு. உண்மையா.

அடிப்பிடிச்சது பருப்புன்னு எழுதியிருக்கீங்க. அப்ப நீங்களே சமைக்கிறீங்க! கஜலட்சுமிக்கு வாசிச்சுக் காட்டினேன். (பருப்பை மட்டும்தான். மெஷினை இல்ல.)

இப்ப ஒரு சந்தேகம். வரிசையில முன்னுக்கு இருக்கிற மெஷின்ல ஒரே பூ அஞ்சுக்கு அஞ்சு மடங்கு, ஒரே மாதிரி மூணும் இன்னொரு ஜோடியும் சேர்ந்து வந்தா எட்டு மடங்குன்னு போட்டிருக்கு. பின்னுக்கு மூலையில ஒரு பழைய மெஷின், தூசி படிஞ்சு, யாரும் உட்கார்றதில்ல. அதுல ஆறும் ஒன்பதும்னு போட்டிருக்கு. மத்ததெல்லாம் ஒன்னுதான். ஒரே ஒரு மடங்கு வித்தியாசத்துக்காக அந்த இருட்டு மூலைக்குப் போகணுமா? முன்னுக்கு இருக்கிற கதிரை மெத்துன்னு இருக்கு.

உங்க சொற்படி கேட்கும் தம்பி,
காளிமுத்து


குண்டசாலை
03.03.2025

தம்பிக்கு,

நல்லா இருக்கேன். கஜலட்சுமி முதுகு வலிக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கச் சொல்லு.

கதிரையைப் பார்க்காதே, எதுக்கு எத்தனை மடங்குன்னு போட்டிருக்கிற பலகையைப் பார். மெத்துன்னு இருக்கிற மெஷின், நீ ஒரு பிழையும் விடாம விளையாடினாலும் நூறு ரூபாவுக்கு மூணு ரூபா அளவில எடுத்துக்கும். மூலை மெஷின் அரை ரூபாதான் எடுக்கும். ஒரு மடங்கு வித்தியாசம்னு நீ சொன்னது அவ்வளவு வேலை செய்யுது. ஆனா ஒன்னை நல்லா மனசுல வை. ரெண்டுமே எடுக்கும். நல்லா விளையாடுறதுன்னா மெல்லத் தோக்கிறதுன்னு அர்த்தம். அதைச் சம்பாத்தியம்னு நினைச்சியோ, ராத்திரியே கஜலட்சுமிக்கு எழுதிப் போடுவேன்.

இதையெல்லாம் மனசுக்குள்ளயே போட்டுப் பார்க்க முடியல. ஒரு சீட்டுக்கட்டு இருக்கான்னு ஹபீலாகிட்டக் கேட்டேன். "எங்க வீட்டுல சீட்டுக்கட்டா, டீச்சர்!"னு வாயில கை வச்சா. கடைசியில நானே சந்திக் கடைக்கு நடந்து போய் வாங்கினேன்.

கடைக்காரன் கேட்டான், "யாருக்கு டீச்சர்? வீட்டுக்குச் சின்னப் பிள்ளைங்க வந்திருக்கா?"

"எனக்குத்தான்"னு சொன்னேன்.

அவன் மிச்சக்காசு குடுக்க மறந்துட்டான். கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன்.

கையில ஜோடி இருந்தா அது கூட ஒரு பெரிய சீட்டைத் துணைக்கு வைக்கிற பழக்கம் உனக்கு இருக்குன்னு நினைக்கிறேன். அதை விடு. துணைக்கு வைக்கிறது அழகா இருக்கும், பெறுமானத்தைக் குறைச்சிடும். இன்னும் பத்துப் பன்னிரண்டு விதி தனியா எழுதி வச்சிருக்கேன். கேட்டா அனுப்புறேன்.

அக்கா


லாஸ் வேகஸ்
22.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். பிள்ளை குப்புற விழப் பார்க்குது. நீங்க சந்தி வரைக்கும் நடந்தது கேட்டு கஜலட்சுமி கண்ணைத் துடைச்சிக்கிட்டா. கால் வலிக்கலையே?

விதி எல்லாம் அனுப்புங்க. ஆனா அதுக்கு முன்னால எனக்கு நியாயம் வேணும்.

மூலை மெஷின். ஆட்டின்ல நாலு, ஏழு, ஒன்பது, பத்து. அதோட கிளாவர் ஏழு. சின்ன ஜோடியா, நாலு ஆட்டினா? முந்தியெல்லாம்னா குழம்பியிருப்பேன். இப்ப உங்களை மாதிரியே கணக்குப் போட்டேன். உள்ள ஒன்பது ஆட்டின், ஒவ்வொன்னுக்கும் ஆறு, மொத்தம் ஐம்பத்திநாலு. நாற்பத்தேழால பிரிச்சா ஒன்னே காலுக்குக் கொஞ்சம் குறைய. சின்ன ஜோடிக்குக் காசு கிடையாது, அதோட பெறுமானம் ஒன்னுக்கும் கீழ. சரியா? கிளாவர் ஏழை எறிஞ்சேன்.

வந்தது என்ன தெரியுமா? கிளாவர் ஏழு! ஜோடியை வச்சிருந்தா மூணு ஏழு! எல்லாம் போச்சு. முந்தி உங்க பேச்சைக் கேக்காம ஜெயிச்சேன், இப்பக் கேட்டுத் தோத்துட்டேன். அப்ப நீங்க சொன்னது தப்பா? இல்ல நான் செஞ்சது தப்பா? யாரு மேல பழி போட?

காளிமுத்து


குண்டசாலை
24.03.2025

தம்பிக்கு,

சுகம். உங்க எல்லாருக்கும் சுகம்னு கேட்டதுல சந்தோஷம்.

யாரு மேலயும் பழி இல்ல. நீ செஞ்சது சரி. நாளைக்கு இதே கை வந்தாலும் அதையே செய். ஒரு முடிவு சரியா தப்பான்னு பார்க்கிறது, அடுத்து என்ன சீட்டு விழுந்துச்சுன்னு தெரிஞ்சப்புறம் இல்ல. முடிவு எடுக்கிற நேரத்துல உனக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சோ, அதை வச்சுத்தான் பார்க்கணும். மூடிக்கிடக்கிற சீட்டு உனக்குத் தெரியாது. தெரியாத ஒன்னுக்கு நீ பொறுப்பில்ல. பத்துல எட்டு நல்லதுன்னு தெரிஞ்சு எடுத்த முடிவு, மிச்ச ரெண்டுல போய் விழுந்துட்டா, அதுக்காக எடுத்தவங்களை

பிறகு எழுதுறேன்.

அக்கா


லாஸ் வேகஸ்
12.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்க சுகமா? போன கடிதம் நடுவுலயே நின்னுருச்சு. அதுக்கப்புறம் ஒன்னும் வரல. போன் பண்ணினா ஹபீலா எடுத்து, "டீச்சர் நல்லா இருக்காங்க, படுத்திருக்காங்க"ன்னு சொல்றாங்க. நான் ஏதாவது தப்பாக் கேட்டுட்டேனா?

நாளை மறுநாள் வருஷப் பிறப்பு. கஜலட்சுமியும் கிருஷாந்தியும் உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டதாச் சொல்லச் சொன்னாங்க. ஒரு வரி போதும் அக்கா.

காளிமுத்து


குண்டசாலை
27.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

பயப்படாதே. உடம்புக்கு ஒன்னும் இல்ல. இடது கால் மட்டும் கொஞ்சம் நோவு. உங்க எல்லாருக்கும் பிந்திய வருஷ வாழ்த்து. பிள்ளைக்கு நெத்தியில ஒரு முத்தம்.

நீ தப்பா ஒன்னும் கேக்கல. உனக்குப் பதில் எழுதிக்கிட்டு இருக்கும்போது என் கை நின்னுருச்சு. ஏன்னு சொல்றேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்ல.

போன ஜூன் மாசம் டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உட்கார வச்சுச் சொன்னார். மருந்தோட இருந்தா கொஞ்ச காலம் ஓட்டலாம், ஆனா கட்டில்லதான், நோவும் கூடிக்கிட்டே போகும். ஆபரேஷன் செஞ்சா பத்துல எட்டுப் பேரு எழும்பி நடப்பாங்க. மிச்ச ரெண்டு பேருக்கு உறுதி சொல்ல முடியாதுன்னார். உன் அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயே சொல்லு ராஜி, கணக்கு உன் பாடம்தானே"ன்னு சிரிச்சார்.

ஆபரேஷன்னு சொன்னது நான்.

நீங்க எல்லாரும் வந்து "விதி"ன்னு சொல்லிட்டுப் போனீங்க. நான் தலையாட்டினேன். உள்ளுக்குள்ள ஒரே சொல்தான். நான் வேற மாதிரிச் சொல்லியிருந்தா இன்னிக்கு முன் ரூம்ல படுத்திருப்பாரு. கட்டில்லன்னாலும் இருப்பாரு. அதனாலதான் கதவைச் சாத்தினேன். அதனாலதான் உனக்கு "ம்"னு சொன்னேன்.

அப்புறம் நீ ஏழு ஏழுன்னு எழுதிக் கேட்ட. நான் பெரிய டீச்சரா விடை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கிட்டே வந்து அந்த இடத்துல நின்னுட்டேன். உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? மூணு கிழமை அதோடயே படுத்துக் கிடந்தேன். எந்தப் பக்கம் இருந்து போட்டாலும் விடை மாறல தம்பி. வருஷப் பிறப்பு அன்னிக்குக் காலையில அவரு படத்துக்கு முன்னால நின்னு வாய் விட்டு அழுதேன். பிள்ளைங்க பரீட்சை முடிஞ்சு வெளியில வந்து அழுவாங்களே, அந்த மாதிரி. ஹபீலா ஓடி வந்து பயந்துட்டா. அப்புறம் ரெண்டு பேரும் பாற்சோறு சாப்பிட்டோம்.

அவரு இல்லாத குறை அப்படியே இருக்கு. அது கணக்கால தீர்றது இல்ல. ஆனா மூச்சு விட முடியுது.

தலதா மாளிகையில புத்தரோட பல்லைக் காட்டுற வழிபாட்டுக்கு ஊரே நிறைஞ்சு போச்சு. எங்க பக்கத்து ரோட்டுல எல்லாம் பஸ்ஸா நிறுத்தியிருந்தாங்க. ஹபீலாவும் நானும் கேட்டுக்கு வெளியில நின்னு வந்தவங்களுக்கு இஞ்சி போட்ட பிளேன் டீ குடுத்தோம். என் குரல் கட்டிப்போற அளவுக்குப் பேசினேன். கொஞ்ச நாளாக் காலையில எனக்கு வேற ஒரு வேலையும் இருக்கு. என்னன்னு கேக்காதே.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். நீ எறிஞ்சது கிளாவர் ஏழு. வந்ததும் கிளாவர் ஏழு. எறிஞ்ச சீட்டைத் திருப்பித் தர்ற மெஷின் உலகத்துல எங்கடா இருக்கு?

அன்புடன்,
அக்கா


லாஸ் வேகஸ்
25.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க கடிதத்தை எத்தனை தடவை வாசிச்சேன்னு தெரியாது. கால் நோவுக்கு எண்ணெய் போட்டுத் தேய்ங்க. இங்க நாங்க எல்லாரும் நல்ல சுகம். வெயில்தான் தார் ரோட்டையே உருக்குது.

அத்தான் விஷயம். அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நானும் நின்னேன். என்கிட்டக் கேட்டிருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவரு வாயால கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாரு. இதுக்கு மேல எழுத எனக்கு வரல அக்கா.

கிளாவர் ஏழு விஷயத்துல மாட்டிக்கிட்டேன். பெப்ரவரிக் கடைசியில ஒரு நாள் மூலை மெஷின்ல உட்கார்ந்திருந்தேன். பின்னால ஒரு குரல், "நாப்பி எங்க?" திரும்பினா கஜலட்சுமி, பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு. அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகல. போனா கால் இருக்காது.

ஆனா அக்கா, முதல் கடிதத்துல நீங்க எழுதினது நாலு வரி. ஜாக்கியை எறிஞ்சேன்னு சொன்னதும் ரெண்டு பக்கம் எழுதினீங்க. அப்புறம் கடைக்குப் போனீங்க. நான் யாவாரி. எந்தச் சரக்கு போகுதுன்னு தெரிஞ்சா அதைத்தானே திரும்பக் கொண்டு வருவேன்? மலிவுக் கடையில ரெண்டு கட்டு வாங்கி, துணி அயர்ன் பண்ற மேசையில வச்சு நானே போட்டேன், நானே எடுத்தேன். ரெண்டு கட்டும் கலந்திருச்சு போல. இப்பக் கஜலட்சுமியும் கூட உட்கார்றா. காசுக்குப் பதிலா கடலைப் பருப்பு. அவ உங்க விதிகளைப் பார்த்து விளையாடி, என் பருப்பை எல்லாம் வாரிக்கிட்டா.

ஜூலை ஆறாம் தேதி காலையில கட்டுநாயக்கா ஏர்போர்ட்ல இறங்குறோம். வேன்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லி வச்சிடுங்க. அத்தானோட காருக்குப் புசல்லாவையில இருந்து ஒருத்தர் விலை பேசினதாப் பார்ட்னர் சொன்னார். நிக்க நிக்கக் கெட்டுத்தான் போகும். குடுத்துடுவோமா?

அன்புத் தம்பி,
காளிமுத்து


குண்டசாலை
29.06.2025

அன்புள்ள தம்பிக்கும் கஜலட்சுமிக்கும்,

பதில் பிந்திருச்சு. நேரம் கிடைக்கல. நான் நல்ல சுகம். கால் நோவும் போயிருச்சு. பிள்ளையைப் பிரிஞ்சு வர்ற நேரம் ரெண்டு பேரும் அழுது அவளையும் அழ வச்சிடாதீங்க.

பொய்க் கணக்கு அனுப்பினதுக்கு உன்னை நேர்ல பார்த்துக்கிறேன். கஜலட்சுமி, வாரின பருப்பைத் திருப்பிக் குடுத்துடாதே.

காரைக் குடுக்க முடியாது. காரணம் சொல்றேன். ஏப்ரல்ல ஹபீலா டிரைவிங் பழகப் போறேன்னு சொன்னா. தனியாப் போக வெக்கமா இருக்குன்னு என்னைத் துணைக்குக் கூப்பிட்டா. துணைக்குப் போனவளையும் மாஸ்டர் டிரைவர் சீட்டுல உட்கார வச்சிட்டார். கிளச்சை மிதிச்சு மிதிச்சு இடது கால் வீங்கினதுதான் மிச்சம்னு முதல் கிழமையில நினைச்சேன். முதல் டெஸ்ட்ல நான் பெயில். பின்னுக்கு எடுக்கும்போது கம்பத்தைத் தட்டிட்டேன். ஹபீலா பாஸ். அன்னிக்கு முழுக்க அவளோட பேசல. ரெண்டாவது தடவை நானும் பாஸ். அறுபத்தொரு வயசுல லைசன் போட்டோவுக்குச் சிரிச்சேன். சிரிக்கக் கூடாதுன்னு திரும்ப எடுத்தாங்க.

ஹபீலாவைப் பக்கத்துல வச்சிக்கிட்டு ஏர்போர்ட் போற வழியில இருக்கிற கடுகண்ணாவை இறக்கம் ரெண்டு தடவை இறங்கி ஏறிட்டேன். முதல் தடவை எனக்குப் பின்னால மாவனல்லை வரைக்கும் லொறி வரிசை. ஹோர்ன் அடிச்சுத் தள்ளினாங்க. அடிக்கட்டும்னு விட்டுட்டேன். ரெண்டாவது தடவை ஒரு த்ரீவீலரை முந்தினேன். அவனுக்கு டயர் காத்துப் போயிருந்துச்சு, இருந்தாலும் முந்தினேன்.

அதனால வேன்காரருக்குச் சொல்லல. ஆறாம் தேதி விடியக் கிளம்பி நானே வர்றேன். வெளியில வர்ற வாசல்ல நிப்பேன். பகல் சாப்பாட்டுக்கு ஹபீலா வீட்டுல புரியாணி. நேரா அங்கதான் போறோம்.

கஜலட்சுமி எனக்குப் பக்கத்துல முன்னுக்கு இருக்கட்டும். அவ பயந்தாலும் சத்தம் போட மாட்டா. நீ பின்னுக்கு, பெட்டிங்களோட. ஏத்தத்துல கியர் மாத்தும்போது வாயைத் திறந்தியோ, பேராதெனியாவுல இறக்கி விட்டுட்டு பஸ்ல வரச் சொல்லிடுவேன்.

பத்திரமா வந்து சேருங்க.

உங்க வரவைப் பார்த்துக்கிட்டு இருக்கிற,
அக்கா